ஆறாம் அத்தியாயம்: பாட்டிலிருந்து பேச்சுக்கு

பள்ளிக்கூட ஆண்டு விழாவில் ஸ்பானியப் பாட்டொன்றைச் சுருதி பிசகாமலும் சொல் தவறாமலும் பாடி, சபையோரின் கைத்தட்டலைப் பெற்றுக்கொண்டு மேடையை விட்டு இறங்கி வரும் குழந்தையிடம், அதே மொழியில் குடிக்கத் தண்ணீர் கேட்கும்படி சொன்னால், பெரும்பாலும் அது திகைத்து நின்றுவிடும். பாடக் கற்றுக்கொடுத்ததோடு கற்பித்தல் முடிந்துவிட்டது என்று எண்ணி, பெரியவர்கள் பாதி வழியிலேயே நின்றுகொண்டதுதான் இதற்குக் காரணம். பாட்டை மனத்தில் பதிய வைப்பது சங்கீதத்தின் வழியே மொழி புகட்டுவதில் முதற் பாதி. அந்தப் பாட்டுக்குள் அடங்கியிருக்கும் வாக்கியத்தை ராகத்திலிருந்து பிரித்தெடுத்து, குழந்தை சாப்பிடும் இடத்துக்கும் விளையாடும் இடத்துக்கும் கொண்டுவந்து சேர்ப்பது பிற்பாதி. முதற் பாதி இன்பமாகவும் எளிதாகவும் இருப்பதால் எல்லோரும் செய்துவிடுகிறார்கள்; பிற்பாதிக்கே பொறுமையும் உபாயமும் வேண்டியிருக்கின்றன. ஆகவே இந்த அத்தியாயம் முதலாவதைச் சுருக்கமாகவும் இரண்டாவதைச் சற்று விரிவாகவும் எடுத்துக்கொள்கிறது.

இந்நூலை வாசிப்போரில் பலர் ஸ்பானிய மொழியில் தாமே ஆரம்ப மாணாக்கராக இருத்தல் கூடும். அமெரிக்காவின் டெக்ஸஸ், கலிபோர்னியா முதலிய மாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களில், பிள்ளைகள் பள்ளியில் ஸ்பானிய மொழியைப் பாடமாக எடுத்துக்கொள்வதும், வீட்டில் உதவி செய்ய ஆசைப்படும் தாய் தந்தையர் அம்மொழி தெரியாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதும் சகஜமாகக் காணக்கூடியதே. இத்தகையோர் இலக்கணம் போதிக்கத் துணிய வேண்டியதில்லை. அம்மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர் பாடிய ஒரு நல்ல ஒலிப்பதிவைத் துணையாக வைத்துக்கொண்டு, குழந்தையோடு கூடவே தாமும் வாய்விட்டுப் பாடிப் பழகினால் போதும். பெரியவரும் தன்னைப்போலவே தடுமாறிக் கற்கிறார் என்பதைக் காணும் குழந்தைக்குக் கூச்சம் பாதி குறைந்துவிடும்.

பாட்டு செய்யும் உபகாரம்

வசனமாகக் கற்ற வாக்கியத்தில் ஒரு சொல் மறந்துபோனால், அந்த இடம் வெற்றிடமாகவே நின்றுவிடும். பாட்டிலோ, மறந்த சொல்லுக்கு இத்தனை அசை உண்டு என்று தாளமும், அது இன்ன ஓசையில் முடிய வேண்டும் என்று இயைபும், அதன் பின் வருவது இன்னது என்று ராகமும் மூன்று பக்கத்திலிருந்தும் குறிப்புக் கொடுப்பதால், குழந்தை சற்றே தடுமாறினாலும் அந்தச் சொல்லைக் கண்டெடுத்துவிடுகிறது. மேலும், ஒரே வாக்கியத்தை ஐந்து தடவை திருப்பிச் சொல்லச் சொன்னால் முகத்தைச் சுளிக்கும் அதே குழந்தை, அது பல்லவியாக வரும்போது இருபது தடவையும் சலிக்காமல் பாடும் என்பது, வகுப்பில் நின்ற எவருக்கும் தெரிந்த விஷயமே.

இது வெறும் அபிப்பிராயமாக நின்றுவிடவில்லை. எடின்பரோவில் 60 பெரியவர்களைக் கொண்டு ஒரு பரிசோதனை செய்தார்கள். அவர்களுக்கு முற்றிலும் பழக்கமில்லாத ஹங்கேரிய மொழியின் சொற்றொடர்கள் சிலவற்றை, ஒரு பகுதியினர் பேச்சாகவும், ஒரு பகுதியினர் தாளத்தோடு கூடிய பேச்சாகவும், மற்றொரு பகுதியினர் பாட்டாகவும் 15 நிமிஷ நேரம் கேட்டுத் திருப்பிச் சொன்னார்கள். பின்னர் அந்த மொழியிலேயே ஞாபகத்திலிருந்து சொல்ல வேண்டி வந்தபோது, பாடிக் கற்றவர்களே மற்றவர்களைக் காட்டிலும் மேலாகச் செய்தார்கள். 2014-இல் வெளியான இந்த ஆராய்ச்சி பெரியவர்களைப் பற்றியது, கற்ற சொற்றொடர்களும் சொற்பமானவை. எனவே இதைக் கொண்டு குழந்தைகளைப் பற்றிப் பெரிய சித்தாந்தம் எதுவும் கட்டிவிட முடியாது. ஆயினும் பாட்டின் பயன் உற்சாகமூட்டுவது மட்டுமே என்று எண்ணுவோருக்கு, ஞாபகசக்திக்கே அது நேரடியாக உதவுகிறது என்பதற்கு இது ஒரு நல்ல சாட்சி.

ஸ்பானிய மொழியின் அமைப்பும் இதற்கு மிகவும் அனுகூலமானது. அதற்கு உள்ள உயிரொலிகள் ஆ, ஏ, ஈ, ஓ, ஊ என்ற ஐந்தே; அவை எந்த இடத்தில் வந்தாலும் ஏறத்தாழ ஒரே விதமாக ஒலிக்கின்றன. குறில் நெடில் என்ற பேதத்தால் அங்கே பொருள் மாறுவதில்லை. ஆதலால் ராகத்தின் பொருட்டு ஓர் உயிரை எவ்வளவு நீட்டிப் பாடினாலும் சொல் கெட்டுப்போகாது. ‘படம்’ என்பதை நீட்டினால் ‘பாடம்’ ஆகிவிடும் மொழியில் பிறந்த நமக்கு இது ஒரு பெரிய சலுகை. சொற்களில் பெரும்பகுதி உயிரில் முடிவதால் இயைபும் தானாகவே வந்து அமைகிறது.

அம்மொழி வழங்கும் நாடுகளில் குழந்தைப் பாட்டைச் சில்லறை விஷயமாக யாரும் கருதியதில்லை. கிராமப் பள்ளிகளில் ஆசிரியையாக வாழ்க்கையைத் தொடங்கி, 1945-இல் நோபல் பரிசு பெற்ற சிலி நாட்டுக் கவிஞர் காப்ரியேலா மிஸ்த்ரால், 1924-இல் வெளியிட்ட தம் ‘தெர்னூரா’ என்னும் நூலைத் தாலாட்டுக்களாலும் குழந்தைகள் கைகோத்துச் சுற்றி ஆடும் வட்டப் பாட்டுக்களாலும் நிறைத்தார். ஸ்பெயின் நாட்டு மகாகவி ஃபெதெரிக்கோ கார்ஸியா லோர்கா 1928-இல் மாட்ரிட் நகரில் தம் நாட்டுத் தாலாட்டுக்களைப் பற்றியே ஒரு சொற்பொழிவு நிகழ்த்தினார். 1931-இல் லா அர்ஜென்தினித்தா என்ற கலைஞர் பாட, தாமே பியானோ வாசித்து, நாட்டுப்பாடல்களை இசைத்தட்டுக்களில் பதிவு செய்தார். மெக்ஸிகோவில் ஃப்ரான்ஸிஸ்கோ கபிலோந்தோ ஸோலேர் 1934-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் வானொலியில் தொடங்கிய குழந்தைகள் நிகழ்ச்சியில், ‘க்ரீ-க்ரீ’ என்ற பாடும் சுவர்க்கோழியாகத் தம்மை வரித்துக்கொண்டு பாடிய பாடல்கள் இன்றளவும் வழக்கில் உள்ளன. இவ்வளவு பெரிய களஞ்சியம் திறந்திருக்கும்போது, தேர்ந்தெடுப்பதில்தான் கஷ்டம்.

தேர்ந்தெடுக்கும் விதம்

ஒரு வருஷத்துக்கு எட்டுப் பாட்டுக்களுக்கு மேல் வேண்டாம் என்பது என் திடமான அபிப்பிராயம். முப்பது பாட்டுக்களை மேலெழுந்தவாரியாக முணுமுணுக்கும் குழந்தையைக் காட்டிலும், எட்டே பாட்டுக்களைத் திருப்பியும் மாற்றியும் உடைத்தும் கோத்தும் பாடத் தெரிந்த குழந்தையிடமே மொழி குடிகொள்ளும். அந்த எட்டைத் தேர்ந்தெடுக்கும்போது பின்வரும் நான்கு கேள்விகளைக் கேட்டுக்கொள்வது நலம்.

முதலாவது, இந்தப் பாட்டில் குழந்தை நாளைக்கே தன் வாயால் சொல்லக்கூடிய வாக்கியம் ஒன்றாவது இருக்கிறதா? கோழிக்குஞ்சுகளைப் பற்றி ஸ்பானிய உலகம் முழுவதும் பாடும் பாட்டில் குஞ்சுகளுக்குப் பசியும் குளிரும் வருகின்றன. ‘பின் போன்’ என்ற அட்டைப் பொம்மையைப் பற்றிய பாட்டில் அந்தப் பொம்மை சோப்புப் போட்டு முகம் கழுவித் தலைவாரிக்கொள்கிறது. பசிக்காத குழந்தையும் முகம் கழுவாத குழந்தையும் இல்லையாதலால், இவ்விரண்டும் முதல் வருஷத்துக்கு உரியவை.

இரண்டாவது, இதற்கு அபிநயம் உண்டா? கையும் காலும் அசையக்கூடிய பாட்டில் சொல்லின் பொருளை மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டிய அவசியமே நேராது.

மூன்றாவது, சொல்லின் அழுத்தமும் தாளத்தின் அடியும் ஒரே இடத்தில் விழுகின்றனவா? ஸ்பானியச் சொல் உயிரிலோ, ‘ன்’, ‘ஸ்’ என்னும் மெய்களிலோ முடிந்தால் ஈற்றயல் அசையிலும், வேறு மெய்யில் முடிந்தால் கடைசி அசையிலும் அழுத்தம் பெறும். இந்த விதிக்கு மாறானவற்றுக்கு மேலே ஒரு கோடு இட்டு எழுதுவார்கள். அழுத்தம் இடம் மாறினால் பொருளும் மாறும்: ‘பாப்பா’ என்பதன் முதல் அசையை அழுத்தினால் லத்தீன் அமெரிக்காவில் உருளைக்கிழங்கு, கடைசி அசையை அழுத்தினால் அப்பா. ஆகவே பாட்டின் அடியை முதலில் வசனமாகச் சொல்லி, அழுத்தம் வரும் இடங்களில் கைதட்டிப் பாருங்கள். பிறகு ராகத்தோடு பாடி, தாளத்தின் பலமான அடிகளில் தட்டுங்கள். இரண்டும் பெரும்பாலும் பொருந்தினால் பாட்டு நல்லது. பொருந்தாவிட்டால் பிற்காலத்துக்கு ஒதுக்கி வையுங்கள். ஆங்கிலக் குழந்தைப் பாட்டின் ராகத்தில் ஸ்பானியச் சொற்களைத் திணித்துச் செய்த மொழிபெயர்ப்புக்கள் பல இந்தப் பரீட்சையில்தான் தோற்றுப்போகின்றன.

நான்காவது, பாடுபவர் எந்த நாட்டவர்? ஸ்பெயினின் பெரும்பகுதியில் நாக்கைப் பல்லிடையே நுழைத்துச் சொல்லும் ஓர் ஒலியை, லத்தீன் அமெரிக்கர் வெறும் ஸகரமாகவே சொல்லுகிறார்கள். அர்ஜென்டீனாவில் முன்னிலை வினைகளே சற்று வேறுபடும். இவற்றுள் எதுவும் தாழ்ந்ததன்று. ஆனால் முதல் வருஷத்தில் குழந்தையின் காதுக்கு ஒரே வழக்கைப் பழக்குவது நல்லது. பள்ளியில் எந்த வழக்குக் கற்பிக்கப்படுகிறதோ அதையே வீட்டிலும் அனுசரியுங்கள்.

வயதுக்கேற்ற வரிசையையும் இங்கே குறிப்பிட்டுவிடலாம். ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு, விரல்களை ஓநாய்க்குட்டிகளாகப் பாவித்து ஆட்டிக்காட்டும் ‘ஸிங்கோ லோபித்தோஸ்’ தகும். ஐந்திலிருந்து எட்டு வயது வரை மேலே சொன்ன கோழிக்குஞ்சும் பொம்மையும், கீழே விவரிக்கப்போகும் யானைப் பாட்டும். எட்டு வயதுக்கு மேல், ஸ்பெயினின் பாம்ப்லோனா நகரத்து ஸான் ஃபெர்மீன் திருவிழாப் பாட்டை எடுத்துக்கொள்ளலாம். அதில் தேதியும் மாதமும் ஜனவரியிலிருந்து ஒன்றொன்றாகக் கூடிக்கொண்டே வந்து, திருநாளாகிய ஜூலை 7-ஆம் தேதியில் முடிந்துவிடுகிறது. எஞ்சிய ஐந்து மாதங்களையும் அதே ராகத்தில் குழந்தைகளே கட்டிப் பாட வேண்டும் என்று விட்டுவிட்டால், எண்களும் மாதங்களும் ஒருங்கே வசமாகும். ஆமையொன்று பாரிஸ் நகருக்குப் புறப்பட்டுப் போகும் கதையைச் சொல்லும் அர்ஜென்டீன எழுத்தாளர் மரீயா எலேனா வால்ஷின் ‘மனுவேலித்தா’ போன்ற கதைப் பாட்டுக்களும், சொல் மிகுந்த க்ரீ-க்ரீ பாடல்களும் பத்து வயதை ஒட்டியவர்களுக்கு உரியவை.

தமிழ்க் குழந்தையின் நாக்கு

உச்சாரண விஷயத்தில் தமிழ் பேசும் குழந்தைக்குச் சில அனுகூலங்கள் பிறவியிலேயே வாய்த்திருக்கின்றன. ஸ்பானியத் தகரம் நம் தகரத்தைப் போலவே பல்லைத் தொட்டுப் பிறப்பது. அங்குள்ள ‘ப’, ‘த’, ‘க’ ஆகியவை ஆங்கிலத்தில் சொல்லின் முதலில் வருபவற்றைப் போல மூச்சு வெடித்து வருவதில்லை. இரண்டு உயிர்களுக்கு நடுவே அகப்பட்ட தகரமும் ககரமும் நம் ‘அது’, ‘அகம்’ என்பவற்றில் மெலிவது போலவே அங்கும் மெலிகின்றன: ‘தோதோ’ (எல்லாம்), ‘அமீகோ’ (நண்பன்) என்பவற்றைத் தமிழ்ச் சொற்களாகவே எண்ணி வாசித்தால் உச்சாரணம் சரியாக வந்துவிடும். மெலியாத இடங்களில் ‘பாத்தோ’ (வாத்து), ‘பாக்கா’ (பசு) என்று ஒற்று இரட்டித்து எழுதிக்கொள்ளுங்கள். ஞகரமும் நம்மிடம் ஏற்கெனவே உண்டு.

இடையூறுகளும் உண்டு. மெய்யில் முடியும் சொல்லின் கடைசியில் ஓர் உகரத்தைச் சேர்த்துக்கொள்வது நம் நாக்கின் வழக்கம். சூரியனைக் குறிக்கும் ‘ஸோல்’ என்னும் சொல் தமிழ்க் குழந்தையின் வாயில் ‘ஸோலு’ ஆகிவிடும். இதைக் கண்டிப்பதால் பயனில்லை. அந்தச் சொல்லில் முடியும் அடியை மெதுவாகப் பாடி, லகரத்தில் நாக்கு மேலே ஒட்டிய நிலையிலேயே ஒரு தாள அடி முழுவதும் மௌனமாக நிற்கச் சொல்லுங்கள். நாக்கு இறங்காதவரை உகரம் பிறக்க வழியில்லை. அவ்வாறே, சொல்லின் முதலில் வரும் ஏகாரத்துக்கு முன் யகரமும், ஓகாரத்துக்கு முன் வகரமும் நுழைந்து, ‘எலெஃபாந்தே’ என்பது ‘யெலெஃபாந்தே’ என்றும், கரடியைக் குறிக்கும் ‘ஓஸோ’ என்பது ‘வோஸோ’ என்றும் ஆவதைக் கவனிக்கலாம். முந்திய சொல்லின் கடைசி மெய்யோடு சேர்த்து, இடைவெளி விடாமல், ‘உனெலெஃபாந்தே’ என்று பாடச் செய்தால் யகரத்துக்கு இடமிராது. ஸ்பானியர் பேசுவதும் அப்படித்தான்.

உருட்டிச் சொல்லும் ரகரம் ஒன்று உண்டு. ‘பேரோ’ என்று ஒரு தடவை நாக்கைத் தட்டினால் ‘ஆனால்’. ‘பெர்ரோ’ என்று பல தடவை அதிரவிட்டால் நாய். பேச்சில் ரகரத்துக்கும் றகரத்துக்கும் பேதம் காட்டும் கன்னியாகுமரிப் பக்கத்துக் குடும்பங்களில் இது சுலபமாக வரும். மற்றவர்கள் அவசரப்பட வேண்டாம். மோட்டார் வண்டியின் சத்தத்தை வாயால் எழுப்பி விளையாடும் குழந்தைக்கு அந்த அதிர்வு ஏற்கெனவே தெரியும். அதைச் சொல்லுக்குள் கொண்டுவருவதற்குச் சில மாதங்கள் ஆனாலும் பாதகமில்லை.

ஒரு பாட்டைக் கற்பிக்கும் கிரமம்

ஸ்பானிய உலகம் முழுவதும் வழங்கும் யானைப் பாட்டை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். ஒரு யானை சிலந்தி வலையின்மேல் ஊஞ்சலாடுகிறது. வலை அறுந்துபோகாமல் தாங்குவதைக் கண்டு, இன்னொரு யானையை அழைத்து வரப் போகிறது. பிறகு இரண்டு யானைகள் ஆடுகின்றன, அவை மூன்றாவதை அழைக்கின்றன. இப்படியே எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் நீட்டிக்கொண்டு போகலாம்.

முதல் இரண்டு நாட்களும் குழந்தைகள் பாட வேண்டாம், கேட்டால் போதும். திரையில் படம் ஓடினால் கண் காதை அடக்கிவிடும் என்பதால், ஒலியை மட்டும் கேட்கச் செய்யுங்கள். ஒவ்வொரு தடவையும் கேட்பதற்கு ஒரு காரியம் கொடுங்கள்: முதல் தடவை, யானை என்னும் சொல் வந்ததும் கையைத் துதிக்கையாக உயர்த்த வேண்டும்; இரண்டாம் தடவை, எத்தனையாவது யானை வந்திருக்கிறது என்று விரலால் காட்ட வேண்டும். பின்னணியில் எதையோ ஓடவிட்டுவிட்டு வேறு வேலை செய்வதால் மொழி வந்துவிடாது; காது விழித்திருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் தரையில் ஒரு கயிற்றை வளைத்துப் போட்டு அதுவே வலை என்று சொல்லுங்கள். ஒரு குழந்தை கயிற்றின்மேல் அடிமேல் அடி வைத்து, இருபுறமும் சாய்ந்து சாய்ந்து நடக்கட்டும். ஆசிரியர் மட்டும் பாடட்டும். அடி முடிந்ததும், நடக்கும் குழந்தை இன்னொரு குழந்தையின் பெயரைச் சொல்லி, ‘பென்!’ (வா) என்று அழைக்க வேண்டும். வந்தவள் முன்னவளின் தோளைப் பற்றிக்கொண்டு பின்னால் நடப்பாள். ஐந்து யானைகள் சேர்வதற்குள், உட்கார்ந்திருக்கும் குழந்தைகள் தம்மையறியாமலே பாடத் தொடங்கியிருப்பார்கள். பாடுங்கள் என்று கட்டளையிட வேண்டிய தேவையே வராது.

நான்காம் நாள் முதல் ராகத்தை நிறுத்தி, தாளத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தகர டப்பாவில் கொஞ்சம் பயறு போட்டுக் குலுக்கினால் அதுவே நல்ல வாத்தியம். அடியை அசை அசையாகக் குலுக்கிச் சொல்லுங்கள்; பிறகு சற்று வேகமாகச் சொல்லுங்கள்; கடைசியில் டப்பாவையும் கீழே வைத்துவிட்டு, சாதாரணமாகப் பேசும் குரலில் சொல்லுங்கள். பாட்டு, தாளம், பேச்சு என்ற இந்த மூன்று படிகளில் நடுப்படியைத் தாண்டிக் குதித்துவிடுவதால்தான், பாடத் தெரிந்த வாக்கியத்தைக் குழந்தையால் பேச முடியாமல் போகிறது.

வாக்கியத்தை இறக்கிக் கொண்டுவருதல்

இனி வருவதுதான் இந்த முறையின் சாரம். பாட்டின் வாக்கியத்தில் ஒரே ஒரு சொல்லை மாற்றுங்கள். யானைக்குப் பதில் பூனை ஆடட்டும், பிறகு நாய், பிறகு பசு. பசு வந்த கணத்தில் ‘ஊன்’ என்பது ‘ஊனா’ ஆக வேண்டியிருக்கிறது; ஏனென்றால் ஸ்பானிய மொழியில் உயிருள்ளவை மட்டுமல்லாமல், மேஜையும் புத்தகமும்கூட ஆண்பாலோ பெண்பாலோ ஆகும். அஃறிணைக்கு இந்தப் பேதம் அறியாத தமிழ்க் குழந்தைக்கு விதியைச் சொல்லி விளங்கவைப்பது சிரமம். பாட்டில் பசுவை ஏற்றினால் ஓசையே அதற்குப் பழகிவிடும். ஆகையால் எந்தப் பெயர்ச்சொல்லையும் தனியாகக் கற்பிக்காமல், ‘எல்’ அல்லது ‘லா’ என்ற முன்சொல்லோடு சேர்த்தே பாடச் செய்யுங்கள்.

அடுத்தபடி, பாட்டைக் கேள்வியாக்குங்கள். கயிற்றின்மேல் குழந்தைகள் நிற்கும்போதே பாட்டை நிறுத்தி, ‘குவாந்தோஸ் எலெஃபாந்தேஸ் ஆய்?’ (எத்தனை யானைகள் இருக்கின்றன?) என்று கேளுங்கள். ‘த்ரேஸ்’ என்று ஒற்றைச் சொல்லில் பதில் வந்தாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். அன்றைக்கே அந்தக் கேள்வி வகுப்பை விட்டு வீட்டுக்குப் போக வேண்டும். மறுநாள் காலையில் அம்மா அடுப்பருகே நின்றபடி, “குவாந்தாஸ் தோசாஸ், கண்ணா?” என்று கேட்க, குழந்தை, “தோஸ், அம்மா!” என்று சிரித்துக்கொண்டே சொல்லுமானால், யானைப் பாட்டு தன் காரியத்தைச் செய்துவிட்டது. தோசை ஆகாரத்தில் முடியும் பெண்பாற் சொல்லாகிவிட்டதால் ‘குவாந்தோஸ்’ என்பது ‘குவாந்தாஸ்’ என்று மாறியதையும் குழந்தை காதால் கேட்டுக்கொண்டிருக்கிறது. அதைப் பற்றி இப்போதைக்கு யாரும் வாய் திறக்க வேண்டாம்.

மூன்றாவதாக, படர்க்கையைத் தன்மையாக்குங்கள். பாட்டுக்கள் பெரும்பாலும் வேறு யாரையோ பற்றியே பேசுகின்றன. குழந்தையோ தன்னைப் பற்றிப் பேச விரும்புகிறது. கோழிக்குஞ்சுகளுக்கு வந்த பசியைத் தன் பசியாக்கி ‘தேங்கோ ஆம்ப்ரே’ (எனக்குப் பசிக்கிறது) என்றும், குளிரைத் தன் குளிராக்கி ‘தேங்கோ ஃப்ரீயோ’ என்றும் சொல்லப் பழக்குங்கள். பின் போன் முகம் கழுவினால், குழந்தை குழாயடியில் நின்று ‘மே லாபோ லாஸ் மானோஸ்’ (கை கழுவுகிறேன்) என்று சொல்லட்டும். வாக்கியத்துக்கு உரிய காரியம் நடக்கும் இடமே அதைக் கற்பிக்கத் தகுந்த இடம்: பசி வாக்கியம் சாப்பாட்டு வேளையிலும், மழைப் பாட்டு மழை பெய்யும்போதும், மெக்ஸிகோவில் பிறந்தநாளன்று பாடப்படும் ‘லாஸ் மஞானித்தாஸ்’ வீட்டில் யாருக்கேனும் பிறந்தநாள் வரும்போதும் உயிர்பெறும்.

தமிழ் அறிந்த வீட்டுக்கு இங்கே ஒரு விசேஷ வசதி உண்டு. ‘மே கூஸ்தா லா லேச்சே’ என்பதன் அமைப்பு ‘எனக்குப் பால் பிடிக்கும்’ என்பதன் அமைப்பேயாகும்; ஆங்கிலத்தின் வழியே இதை அணுகும் குழந்தை ‘நான்’ என்று தொடங்கித் தடுமாறும்போது, தமிழின் வழியே அணுகும் குழந்தை நேராகப் போய்ச் சேர்ந்துவிடும். எழுவாயைச் சொல்லாமலே வினையின் விகுதியால் இன்னார் என்று தெரிவிப்பதும் இரு மொழிக்கும் பொது. ஆகையால் விளக்கம் தேவைப்பட்டால் அதைத் தமிழிலேயே சொல்லுங்கள்.

இலக்கணமும் எழுத்தும்

இலக்கணத்தை ஒதுக்க வேண்டும் என்பது இதன் கருத்தன்று. அது பாட்டுக்குப் பின்னால் வர வேண்டும் என்பதே. யானை ஒன்றாக இருந்தபோது ‘பலன்ஸேஆபா’ என்றிருந்த வினை, இரண்டானதும் ‘பலன்ஸேஆபான்’ என்று ஒரு னகர ஒற்றை ஏற்றுக்கொள்வதை, எட்டு வயதுக் குழந்தை தானாகவே ஒருநாள் கண்டுபிடித்துக் கேட்கும். கேட்ட அன்று பன்மை விதியைச் சொல்லுங்கள். அது அரை நிமிஷத்தில் விளங்கிவிடும்.

எழுத்துவடிவத்தைப் பாட்டு வாயில் நிலைபெற்ற பிறகே காட்டுவது உத்தமம். ஸ்பானிய மொழியில் ஹகர எழுத்து ஒலிப்பதில்லை, பகரத்துக்கும் வகரத்துக்கும் உள்ள இரண்டு எழுத்துக்களும் ஒரே ஒலியைக் குறிக்கின்றன. ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்த குழந்தை எழுத்தை முதலில் கண்டால் ஆங்கில ஒலியையே அதில் ஏற்றிவிடும். காது முந்திக்கொண்டால் கண் அதன் பின்னே வரும். மேலும், அடுத்தடுத்த உயிர்கள் பாட்டில் ஒன்றோடொன்று கலந்து ஓரசையாகிவிடுவதால், ‘லா அபுவேலா’ (பாட்டி) என்னும் இரண்டு சொற்கள் ‘லாபுவேலா’ என்று ஒரே சொல்லாகக் குழந்தையின் காதில் விழுந்திருக்கும். எழுத்தைக் காட்டும் நாளில் அடிகளைச் சொல் சொல்லாகக் கத்தரித்துக் கலைத்துப் போட்டு, பாடிக்கொண்டே வரிசைப்படுத்தச் சொன்னால் இந்த மயக்கம் தெளிந்துவிடும்.

நேரமும் பரீட்சையும்

நாளொன்றுக்குப் பத்து நிமிஷம் போதும். வாரத்துக்கு ஒருநாள் ஒரு மணி நேரம் பாடுவதைக் காட்டிலும் அது மேலானது. ஒரு பாட்டுக்கு நான்கு வாரம் கொடுங்கள். முதல் வாரம் பாட்டுக்கு, மற்ற மூன்றும் பேச்சுக்கு. குரல் இனிமையில்லாத குழந்தையைப் பின்வரிசைக்குத் தள்ளுவது, பாடும்போது நடுவில் நிறுத்தி உச்சாரணத்தைத் திருத்துவது, விருந்தினர் முன் நிறுத்திப் பாடிக்காட்டச் சொல்லி வற்புறுத்துவது ஆகிய மூன்றும் தவிர்க்க வேண்டியவை. பிழை கேட்டால் அடுத்த தடவை நீங்களே அந்த இடத்தைத் தெளிவாகப் பாடிவிடுங்கள்.

முன்னேற்றத்தை அளப்பதற்கு ஒரு சிறு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கத்தில் பாட்டின் பெயரை எழுதுங்கள். வலப்பக்கத்தில், அந்தப் பாட்டிலிருந்து குழந்தை ராகமின்றி, பிறர் தூண்டாமல், தன் காரியத்துக்காகத் தானே சொன்ன வாக்கியத்தைத் தேதியிட்டு எழுதுங்கள். நான்கு வாரம் கழிந்தும் வலப்பக்கம் வெறுமையாக இருந்தால், குழந்தை எவ்வளவு அழகாகப் பாடினாலும் புதுப் பாட்டுக்குப் போகாதீர்கள். அதே பாட்டில் வேறொரு வாக்கியத்தைத் தேர்ந்தெடுத்து, அது அன்றாடம் தேவைப்படும் சந்தர்ப்பம் ஒன்றை வீட்டிலேயே உண்டாக்கிக் கொடுங்கள். வலப்பக்கத்தில் மூன்று வாக்கியங்கள் ஏறிவிட்டால் அடுத்த பாட்டைத் தொடங்கலாம்.